கத்தோலிக்க குருமடத்துல குருவாகப் படிக்கிறவங்க பொது விஷயத்துல இறங்கலாமா?

கேள்வி: தத்துவம் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், காலைல திருப்பலி, அப்புறம் வகுப்பு, சாயங்காலம் ஜெபமாலைன்னு நாள் ஓடிடுது, ஆனா வெளில ஜனங்க குடிதண்ணிக்கு மனு எழுதுறப்ப நான் உள்ள முழங்கால்ல நிக்கிறது மனச உறுத்துது. கையெழுத்து போடலாமா?

பதில் 1: தாராளமா போடுங்க பிரதர். 1983 திருச்சபைச் சட்டத்துல 285, 287ங்கிற ரெண்டு பிரிவும் அரசு அதிகாரப் பதவியையும் கட்சி வேலையையும் தடுக்கிறது திருநிலையினருக்குத்தான், அதாவது திருப்பட்டம் வாங்கினவங்களுக்கு. குருப்பட்டத்துக்கு முந்தின திருத்தொண்டர் பட்டம் வாங்குறவரைக்கும் நீங்க பொதுநிலையினர், அதாவது பட்டம் வாங்காத விசுவாசி. குருமட அதிபர்கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க.

பதில் 2: நானும் இப்படித் தவிச்சவன்தான். எழுதத் தெரியாத ஒரு பாட்டிக்கு மனு எழுதிக் கொடுத்தேன், அவங்க ரேகை வைக்கும்போது விரல் நடுங்குச்சு, அன்னைக்கு ராத்திரி திருப்பாடல் சொல்றப்ப அந்த விரல்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு.

கேட்டவர்: நன்றிண்ணா, நாளைக்கே அதிபர பாக்குறேன்.