நேரில் வாய் ஓயாத வாசகர் வட்டம், இணையத்தில் மௌனம்: எந்தத் தளம் சரிவரும்?

சிங்கப்பூரில் ஒரு வட்டார நூலகத்தில் தமிழ்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வாசகர் வட்டத்தில் நேரில் சண்டை போட்டுப் பேசுகிறவர்கள் இணையத்தில் ஒரு விருப்பக்குறியோடு போய்விடுகிறார்கள்.

ஏப்ரல் தமிழ்மொழி மாதத்தில் இணைய முயற்சியைத் தொடங்கினோம். ஃபேஸ்புக் பக்கத்தில் கருத்தே வராது. வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தது உண்மைதான், ஆனால் காலை வணக்கப் படங்களுக்கும் ஃபார்வர்டுகளுக்கும் நடுவில், போன வாரம் ஒருவர் ஒரு சிறுகதையைப் பற்றி அருமையாகச் சொன்னதை இன்று தேடினால் கிடைக்காது. அப்புறம் வாட்ஸ்அப் சேனல் திறந்தோம், அங்கே நாங்கள் சொல்வோம், வாசகர் எமோஜி போடுவார், வெறும் அறிவிப்புப் பலகைதான். இன்ஸ்டாகிராமுக்கு இளையர்கள் வந்தார்கள், ஆனால் படத்தின் கீழே எழுதும் முன்பதிவு இணைப்பைத் தட்டினால் திறக்காது. வாசகர்கள் நூல்களுக்கு மதிப்புரை எழுதும் குட்ரீட்ஸ் தளத்தில் ஒரே நாவல் தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று என்று பிரிந்து கிடக்கிறது.

எங்கள் வாசகர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள், ஃபோனில் தமிழ்த் தட்டச்சு வராது, குரல்பதிவுதான் அனுப்புவார்கள் (சில குரல்பதிவுகள் மேடைப்பேச்சு நீளம்!). நிர்வகிக்க நானும் ஒரு தொண்டூழியரும்தான், இதற்கென்று பணம் கிடையாது.

குரல்பதிவும் எழுத்தும் ஒரே இடத்தில் இருந்து, பிறகு நூலின் பெயரைத் தமிழில் தட்டித் தேடி எடுக்கக்கூடிய இலவசத் தளம் எதையாவது யாராவது வாசகர் வட்டத்துக்குப் பயன்படுத்துகிறீர்களா?