செஸ்டர் ஆர்தர்: ஜனாதிபதியைவிட அதிகம் சம்பாதித்த சுங்கக் கலெக்டர்?

ஏட்டுப்பூச்சி கேட்டது:
1871இல் நியூயார்க் துறைமுகத்தின் சுங்கக் கலெக்டராக நியமிக்கப்பட்ட செஸ்டர் ஆர்தருக்கு, ஆண்டுக்கு 50,000 டாலர் அளவுக்கு வந்தது என்று படித்தேன். நியமித்த ஜனாதிபதி கிராண்டுக்கே அப்போது 25,000தான் சம்பளம். லஞ்சமா? அப்படியானால் 1881இல் அவரே எப்படி ஜனாதிபதியானார்?

பழைய பேரேடு:
லஞ்சம் வாங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. சட்டமே அள்ளிக் கொடுத்த பணம் அது. இறக்குமதியாளரிடம் பிடிக்கும் அபராதத்தில் பாதி அரசுக்கு. கால் பங்கு துப்புக் கொடுத்தவருக்கு. மீதிக் கால் பங்கைக் கலெக்டர், கடற்படை அதிகாரி என்ற பெயர்கொண்ட இன்னொரு சுங்க அதிகாரி, சர்வேயர் ஆகிய மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். அதாவது கலெக்டருக்குப் பன்னிரண்டில் ஒன்று.

ஃபெல்ப்ஸ் டாட்ஜ் என்ற உலோக வியாபார நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். சில சரக்குகளின் விலையைக் குறைத்துக் காட்டியதாகப் புகார். அரசுக்கு நஷ்டமான தீர்வை சுமார் 1,600 டாலர்தான். ஆனால் பட்டியலில் ஒரு பொருளின் விலை பொய் என்றாலும் மொத்தச் சரக்கையும் பறிமுதல் செய்யலாம் என்பது அன்றைய சட்டம். வழக்கு வேண்டாம் என்று நிறுவனம் 2,71,000 டாலர் கட்டியது. ஆர்தரின் பங்கு ஏறத்தாழ 22,000. துப்புத் துலக்கிய ஜெய்ன் யார் தெரியுமா? வெளியாள் அல்ல, கருவூலத் துறையின் சிறப்பு ஏஜெண்ட்! அபராதம் என்றால் இவர்களுக்கு மூக்கில் வியர்க்காதா?

வியாபாரிகள் கொதித்தெழ, 1874இல் பங்கு முறை ஒழிந்தது. கலெக்டருக்கு 12,000 டாலர் சம்பளம் மட்டும் என்றானது.

நடுவில் ஒருவன்:
ஆர்தரை மட்டும் வில்லனாக்க வேண்டாம். அவருக்கு முன்பிருந்தவர்களும் இதே பங்கைத்தான் வாங்கினார்கள். 1883இல் போட்டித் தேர்வு மூலம் அரசு வேலை என்ற பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தானே?

பழைய பேரேடு:
கையெழுத்திட்டார், மறுக்கவில்லை. ஆனால் கலெக்டராக இருந்தபோது நியூயார்க் குடியரசுக் கட்சியைக் கையில் வைத்திருந்த செனட்டர் கான்க்ளிங்கின் ஆட்களுக்குத்தான் அங்கே வேலை. ஊழியர் சம்பளத்தில் கட்சிக்கு ‘நன்கொடை’ வேறு. மனிதர் அலுவலகத்துக்கு வந்ததே பிற்பகல் ஒரு மணிவாக்கில் என்பார்கள். 1877இல் ஜே கமிஷன் விசாரித்து, ஆட்களில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கச் சொன்னது. 1878 ஜூலையில் ஜனாதிபதி ஹேஸ் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்.

ஏட்டுப்பூச்சி:
அப்படியானால் பெண்டில்டன் சட்டம் அந்த அலுவலகத்தையும் தொட்டதா?

நடுவில் ஒருவன்:
நன்றாகவே தொட்டது. ஐம்பது பேராவது வேலை செய்யும் சுங்க அலுவலகங்கள் எல்லாம் அதில் அடக்கம். நியூயார்க்கில் ஆயிரம் பேர் இருந்தார்கள். கட்டாய நன்கொடைக்கும் தடை வந்தது. கலெக்டர் நாற்காலிக்கு மட்டும் தேர்வு கிடையாது. ஜனாதிபதி நியமித்து செனட் ஒப்புக்கொள்ளும் பதவியாகவே அது தொடர்ந்தது.