மறு: பொய்சன் டார்ட் தவளைக்குத் தமிழில் என்ன பெயர்?

திருகோணமலையிலிருந்து:

வெள்ளிக்கிழமை எங்கள் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. ரொறன்ரோவில் தம்பி கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் 'பொய்சன் டார்ட்' (நஞ்சு அம்பு) தவளைகளின் படங்களைப் பெரிதாக அச்சடித்துவிட்டோம். கீழே எழுதப் பெயர்தான் இல்லை.

யாழ்ப்பாணத்து ஐயா தந்த 'நச்சம்புத் தவளை' இலக்கணப்படி சரி. நஞ்சும் அரவும் சேர்ந்து நச்சரவு ஆவதுபோலத்தான். நச்சுதல் என்றால் விரும்புதலும் ஆகுமே, மாணவர் குழம்புவார்களே என்று மட்டக்களப்பு அக்கா கேட்டதை ஏற்கமாட்டேன். 1008ஆம் குறளில் வள்ளுவர் இரண்டு பொருளையும் அருகருகே வைத்திருக்கிறார். 'நச்சப்படாதவன்' விரும்பப்படாதவன், 'நச்சு மரம்' நஞ்சுமரம். இடம் பார்த்தால் பொருள் விளங்கிவிடும்.

என் தடை வேறு. கொலம்பியாவில் எம்பெரா பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்புகளில் பூசியது ஃபில்லோபேற்றஸ் என்ற வகைத் தவளைகளின் நஞ்சை. தம்பியிடம் இருக்கும் நீலத் தவளையின் பூர்வீகம் சுரினாம். அதற்கு ஏது அம்பு? காட்டில் எறும்பையும் சிற்றுண்ணியையும் தின்பதால்தான் இவற்றின் தோலில் நஞ்சு சேர்கிறது. தொட்டியில் பிறந்து பழ ஈயைத் தின்று வளர்ந்ததில் நஞ்சே இல்லை.

ஒரு படத்தில் ஆண் தவளை வாற்பேத்தையை (வாலுள்ள தவளைக் குஞ்சை) முதுகில் சுமந்து தண்ணீருக்குப் போகிறது. ஈரத்தோலில் வெளிச்சம் வெள்ளையாய்த் தெறிக்காதிருக்க பிளாஷுக்கு முன் மெல்லிய வெள்ளைத்துணி கட்டி, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து எடுத்தானாம். விரல் நுனியின் அகன்ற வட்டுகள்கூடத் துல்லியம். இதன் கீழ் 'நச்சு' என்று எழுத மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தங்கச்சி, பெயர் இனத்துக்கு, ஒற்றை உயிருக்கல்ல. பல் பிடுங்கிய நாகத்தையும் நாகம் என்றுதானே சொல்கிறோம்? 'வண்ணத்தவளை' என்று போட்டால் உலகத்து வண்ணத் தவளை எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

கிண்ணியாவிலிருந்து:

வாற்பேத்தை என்றதும் எங்கள் பிள்ளைகளுக்குப் பேத்தை மீன்தான் நினைவில் வரும். அதன் நஞ்சு, நரம்புக்குள் சோடியம் புகும் வாய்க்காலை அடைக்கும். ஃபில்லோபேற்றஸ் நஞ்சோ அதே வாய்க்காலை மூடவிடாது. இதையும் எழுதி ஒட்டுங்கள் ரீச்சர். பெயருக்கு 'விஷத்தவளை' போதும். நச்சம்பு என்றால் தரம் ஆறுக்கு யார் விளக்குவது?

திருகோணமலையிலிருந்து:

சரி, அச்சகம் நாளைக்கே கேட்கிறது. ஐயா சொன்னபடி 'நச்சம்புத் தவளை' என்றே கொடுக்கிறேன். அடியில் 'தொட்டியில் பிறந்தது, நஞ்சற்றது' என்று ஒரு வரி கட்டாயம் வரும். அம்பு மட்டும் இன்னும் உறுத்துகிறது ஐயா.

கிண்ணியாவிலிருந்து:

எனக்கு 'நச்சு' என்பதும்தான் உறுத்துகிறது. அடுத்த கண்காட்சிக்கு முன் இதைத் திரும்ப எடுப்போம்.