ஏற்காடு ஏத்தத்துல முட்டி வலி – என்ன பயிற்சி?

அடிவாரம்: ஏற்காடு மலைப்பாதையில சைக்கிள் மிதிக்கிறப்போ, 20 கொண்டை ஊசி வளைவுல பாதி தாண்டுறதுக்குள்ள முட்டிச் சில்லுக்குக் கீழ வலிக்குது. சமதளத்துல ஒண்ணுமில்ல. என்ன பயிற்சி செய்யலாம்?

கியர்ப்பல்: முதல்ல சீட் உயரம் பாருங்க. பெடல் அடியில இருக்கும்போது முட்டி 25–35 டிகிரி மடங்கணும். சீட் தாழ்ந்தா சில்லுல அழுத்தம் ஏறும். கனமான கியர்ல அழுத்தி மிதிச்சாலும் இதே கதைதான். நிமிஷத்துக்கு 70 சுத்தாவது வர்ற கியர் போடுங்க.

படிக்கட்டு: சுவர்ல முதுகைச் சாய்ச்சு அரைவாசி உட்காருங்க, 30–45 விநாடி, 5 தடவை. வலி பத்துக்கு மூணைத் தாண்டினா கொஞ்சம் மேல ஏறிக்கோங்க. அப்புறம் 15 செ.மீ. படியிலிருந்து ஒத்தைக் காலால 3 விநாடி எடுத்து மெதுவா இறங்குங்க, 10 தடவை, 3 செட். முட்டி உள்பக்கம் சாயுதா? அப்போ குறை இடுப்புல இருக்கலாம். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குறதை 12 வீதம் 3 செட் சேருங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

கியர்ப்பல்: தொடை நீட்டல் ஓட்டி முடிச்சபிறகு, 30 விநாடி. குதிகாலைப் பின்னால இழுக்கறப்போ முதுகை வளைச்சீங்கன்னா தொடை நீளவே நீளாது. பிட்டத்தை இறுக்கிக்கோங்க.

படிக்கட்டு: வீக்கமோ, முட்டி மாட்டிக்கிற மாதிரியோ இருந்தா பயிற்சியை நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க.