21 நாளுக்கு ஒருமுறை மகரகம: வேறு வழி உண்டா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு நாலாம் கட்ட நுரையீரல் புற்றுநோய், அடினோகார்சினோமா என்ற வகை. கார்போபிளாட்டின், பெமெட்ரெக்செட் என்ற இரண்டு கீமோ மருந்தும் நாலு தரம் ஏற்றியாயிற்று. கட்டி சுருங்கியிருக்கிறது. இனிப் பெமெட்ரெக்செட் மட்டும் 21 நாளுக்கு ஒருமுறை, நோய் திரும்ப வளராதவரை, உடம்பு தாங்கும்வரை என்கிறார் டொக்டர். "சுருங்கிவிட்டதே, பிறகு ஏன்?" என்கிறார் அப்பா. நியாயமான கேள்விதான்.

மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ்ஸில் போய்வந்தால் அவருக்கு இரண்டு நாள் படுக்கை. மருந்தைவிடப் பயணம்தான் ஆளை வாட்டுகிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? என்ன கடிதம் கேட்டார்கள்? பெமெட்ரெக்செட்டோடு சேர்த்து எடுக்கவேண்டிய விற்றமின்களில் போலிக் அசிட் குளிசையை வீட்டிலேயே போடுகிறார். ஒன்பது கிழமைக்கு ஒருமுறை போடும் பி12 ஊசியையாவது திருகோணமலையில் போட்டீர்களா?

நாட்டு மருந்து மட்டும் சொல்ல வேண்டாம். அதற்கு மாமா ஒருவர் இருக்கிறார்.