பழைய ஓட்டு வீடு, ஆர்சிசிபி நிக்கவே மாட்டேங்குது

கோபி பக்கம் அப்பாரு காலத்து ஓட்டு வீடுங்க, மர ரீப்பர் வயரிங் (சுவத்துல மரச்சட்டம் அடிச்சு அது மேல வயர் ஓட்டினது). போன மாசம் பீங்கான் ஃபியூஸைக் கழட்டிட்டு எம்சிபியும் (லோடு மீறினா விழுற சுவிட்ச்), 40 ஆம்ப், 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் (போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் ஒத்துப் போகலைன்னா உடனே கட் பண்ற சுவிட்ச்) மாட்டினோம். அன்னையிலிருந்து சமையல்கட்டுல எதைப் போட்டாலும் ட்ரிப். கிரைண்டர் கிடக்கட்டும், 60 வாட் குண்டு பல்புக்கே விழுது! ஆசாரத்துல (ஹால்ல) ஃபேன், டிவி ஓடினா ஒண்ணும் ஆகறதில்லை.

ஆர்சிசிபி மாத்தியாச்சு. எர்த் குழி புதுசா எடுத்து உப்பு, கரி கொட்டியாச்சு. அதே கிரைண்டர் பக்கத்து வீட்டு ஆர்சிசிபியில ஜம்முன்னு ஓடுது. அதனால சமையல்கட்டு நியூட்ரல் (கரண்ட் திரும்பி வர்ற வயர்) எங்கயோ ஆர்சிசிபியைத் தாண்டிப் போகுதுன்னு என் சந்தேகம். எலக்ட்ரீசியனோ "ஆர்சிசிபியைக் கழட்டிட்டு டைரக்டா குடுத்துரலாமுங்க"ங்கறார். அம்மா ஈரக்கையோட சுவிட்ச் போடுற வீட்டுல அது ஆகாதுங்க.

ரீப்பரைப் பேர்க்காம அந்த நியூட்ரல் எங்க கலந்திருக்குன்னு கண்டுபிடிக்க, முதல்ல எந்த டெஸ்ட் எடுக்கச் சொல்லட்டுமுங்க?