மார்ச் 18, 1915: டார்டனெல்ஸில் மறுநாளே ஏன் மீண்டும் தாக்கவில்லை?

கேள்வி

முதல் உலகப் போரின் கல்லிப்போலிப் போரைப் பற்றிப் படித்துவருகிறேன். ஓர் இடம் மட்டும் பிடிபடவில்லை. 1915 மார்ச் 18 அன்று துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக்குள் புகுந்த பிரிட்டன், பிரான்ஸ் கப்பற்படை பூவே, இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் என்ற மூன்று போர்க்கப்பல்களை இழந்தது. மூன்றுமே பழைய கப்பல்கள். பிறகு ஏன் மறுநாளே முயலாமல், ஐந்து வாரம் கழித்துத் தரைப்படையை இறக்கினார்கள்?

பதில் 1

துருக்கியரிடம் பெரிய பீரங்கிகளுக்கான குண்டுகள் குறைந்துபோயிருந்தன. மீண்டும் தாக்கியிருந்தால் வழி திறந்திருக்கும் என்பதே அன்றைய பிரிட்டிஷ் கடற்படை அமைச்சர் சர்ச்சிலின் வாதம். என் எண்ணமும் அதுதான். கப்பற்படைத் தளபதி டி ரோபெக் மனம் தளர்ந்துவிட்டார்.

பதில் 2

அவர்மீது பழி போடாதீர்கள். சரக்குக் கப்பலில் சுக்கானியாக அந்த நீரிணையைப் பலமுறை கடந்தவன் நான். சானக்கலே ஊருக்கு எதிரே அகலம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. கரையில் தேநீர் குடிப்பவர்களின் முகம் தெரியும். மேல்நீரோட்டம் எப்போதும் மர்மரா கடலிலிருந்து நம்மை நோக்கியே வரும். வளைவில் முகப்பு கொஞ்சம் விலகினாலும் நீர் பிடித்துத் தள்ளும். உள்ளங்கை வியர்த்துவிடும்.

அந்த நீரோட்டத்தை எதிர்த்துக் நீரில் இட்ட கண்ணிவெடிகளை வாரி அகற்ற அனுப்பப்பட்டவை வடகடலின் மீன்பிடிக் கப்பல்கள். வடத்தை இழுத்துக்கொண்டு ஆள் நடக்கும் வேகத்தில்தான் அவை நகர்ந்தன. கரையிலிருந்து பீரங்கிகள் சுட்டால் என்ன செய்வார்கள்? போர்க்கப்பல்கள் அந்தப் பீரங்கிகளை அடக்கலாம் என்றால், மேட்டுக்குப் பின்னால் மறைந்து இடம் மாறிக்கொண்டே இருந்த ஹோவிட்சர்கள்மீது (குண்டை உயரே வளைத்து எறியும் பீரங்கிகள்) கப்பலின் குண்டு விழாது. கண்ணிகளை அகற்றாமல் கப்பல் முன்னேற முடியாது; பீரங்கிகளை அடக்காமல் கண்ணிகளை அகற்ற முடியாது. குறுகலில் கிடந்த கண்ணி வரிசைகள் மார்ச் 18 மாலையிலும் அப்படியேதான் இருந்தன. பெரிய குண்டுகள் தீர்ந்தே போயிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

இன்னொன்று. பூவே இரண்டே நிமிடத்தில் கவிழ்ந்து, 600 பேருக்கு மேல் மாண்டார்கள். எது தாக்கியது என்பதே அன்று தெளிவாகத் தெரியவில்லை; மிதந்து வந்த கண்ணியா, டார்பிடோவா என்று குழம்பினார்கள். காரணம் தெரியாமல் அதே நீரில் மறுநாள் எந்தத் தளபதி ஆட்களை அனுப்புவார்? மார்ச் 22 அன்று தரைப்படைத் தளபதி ஹாமில்டனிடம் டி ரோபெக் உதவி கேட்டதை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. அப்படியானால் அந்தக் கப்பல்களை மூழ்கடித்த கண்ணிகள் எங்கிருந்து வந்தன?

பதில் 2

நுஸ்ரத் என்ற சிறு துருக்கியக் கப்பல் மார்ச் 8 அதிகாலை, நீரிணையின் ஆசியக் கரையோரம் உள்ள எரென்கோய் விரிகுடாவில் 26 கண்ணிகளை இறக்கியது. மற்ற வரிசைகள் நீரிணைக்குக் குறுக்கே இருந்தன. இது மட்டும் கரைக்கு இணையாக. போர்க்கப்பல்கள் சுட்டுவிட்டுத் திரும்பும்போது எப்போதும் வலப்பக்கம் ஒதுங்குவதைத் துருக்கியர் கவனித்து வைத்திருந்தார்கள். சானக்கலேயில் நுஸ்ரத்தின் மாதிரி ஒன்று நிற்கிறது. முகப்பிலிருந்து பின்தளம் வரை நடந்து பார்த்தேன். 40 மீட்டர், அவ்வளவுதான்.